திருகோணமலை நிரலை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

மதிப்புக்குரிய கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், உயர்தரக் கணிதப் பிரிவு நடக்கும் 1ஏபி பாடசாலைகளின் அதிபர்களுக்கும்,

வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்த அன்றிரவே நம் மாவட்டத்தின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: “இந்த இசட் புள்ளிக்குக் கம்பியூட்டர் கிடைக்குமா?” இசட் புள்ளி என்பது பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் எண். பிள்ளை இந்தக் கேள்வியை ரியூசன் ஆசிரியரிடம் கேட்கிறது, கொழும்பில் இருக்கும் மாமாவிடம் கேட்கிறது, கடைசியில் விண்ணப்பம் நிரப்பப் போகும் கொமினிகேசன் கடையிலும் கேட்கிறது. மூன்று இடத்திலும் விடை கிடைக்கிறது. மூன்றும் பெரும்பாலும் பிழை. சொல்பவர்களின் மனம் கெட்டதல்ல. அவர்கள் பார்க்கும் எண் வேறு, நம் பிள்ளைக்குப் பொருந்தும் எண் வேறு. இந்தக் கணக்கைப் பாடசாலையே செய்துகொடுக்க வேண்டும் என்று கேட்கவும், அதை எப்படிச் செய்வது என்று காட்டவும் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் இடங்களின் எண்ணிக்கை. பொறியியல், கணினி விஞ்ஞானம் போன்ற பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்த 16இல் ஒன்று. இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு அடுத்த படியை யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

2012 தொகைமதிப்பில் நம் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சத்து 60 ஆயிரம். விகிதம் 1.9 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. புதிய எண்ணிக்கையை எடுத்தாலும் 2 வீதத்தை ஒட்டியே நிற்கும். இனி 100 இடங்கள் உள்ள ஒரு கணினிப் பாடநெறியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பங்கு 55 இடம். அதில் 1.9 வீதம் என்றால் ஓர் இடம். பின்தங்கிய மாவட்டப் பங்கான 5 இடத்தை 16 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரித்தால் நமக்குக் கால் இடம்கூட முழுதாகத் தேறாது. ஆக, 100 பிள்ளைகள் படிக்கப்போகும் ஒரு வகுப்பில் திருகோணமலை என்ற பெயரால் நமக்கு உறுதியானது ஏறத்தாழ ஒரே ஓர் இடம்.

இந்த ஓர் இடத்தில்தான் குழப்பம் முழுக்க இருக்கிறது. வெட்டுப்புள்ளி என்பது இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி. இதே வகுப்பில் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி ஆறு பிள்ளைகளுக்குப் பின் நிற்கும் கோடு. அதனால் வருடத்துக்கு வருடம் மெல்லத்தான் அசையும். நம் வெட்டுப்புள்ளி ஒரு பிள்ளையின் இசட் புள்ளி. அந்தப் பிள்ளை யார் என்பது மாறினால் கோடு துள்ளும். மாவட்டத்தில் முதலாம், இரண்டாம் நிலைப் பிள்ளைகள் அகில இலங்கைத் திறமைப் பட்டியலிலேயே உள்ளே போய்விட்டால் அவர்கள் மாவட்ட இடத்தைத் தொடுவதில்லை. இடம் அடுத்தவருக்கு இறங்குகிறது, வெட்டுப்புள்ளியும் இறங்குகிறது. மறுவருடம் அப்படி ஒருவரும் போகாவிட்டால், அதே இடத்தை முதல்நிலைப் பிள்ளையே எடுக்கிறார். கோடு ஏறுகிறது. மேலே நிற்கும் ஒரு பிள்ளை கணினியை விட்டுப் பொறியியலை விரும்பினாலும் கோடு அசையும். பாடநெறி கடினமானதாலோ இலகுவானதாலோ இது நடப்பதில்லை.

இதனால்தான் “போன வருடம் திருகோணமலைக்கு இவ்வளவுக்குக் கிடைத்தது, ஆகவே உனக்கும் கிடைக்கும்” என்ற பேச்சு இங்கே ஆபத்தானது. ஒரு வருட எண்ணை வைத்து நம் மாவட்டத்தில் ஒன்றும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் மாவட்ட வாரியான வெட்டுப்புள்ளி அட்டவணையைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. அதில் திருகோணமலை நிரலை மட்டும் எடுத்து, கடைசி ஐந்து கல்வியாண்டுகளுக்கு ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக எழுத வேண்டும். ஒவ்வொரு பாடநெறிக்கும் மூன்று எண்களை வட்டமிடுங்கள்: ஐந்தில் மிகக் கூடியது, மிகக் குறைந்தது, கடைசி வருடத்தது. பிள்ளையின் இசட் புள்ளி மிகக் கூடியதற்கும் மேலே என்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே என்றால் “தெரியாது” என்பதே நேர்மையான பதில், அந்தச் சொல்லையே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். மிகக் குறைந்ததற்குக் கீழே என்றால் விருப்பப் பட்டியலில் போடலாம், ஆனால் அதை நம்பி வேறு வாசலை மூடக்கூடாது.

அட்டவணையை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று ஆண்டு. தலைப்பில் இருப்பது கல்வியாண்டு, பரீட்சை ஆண்டு அல்ல. 2022/2023 என்று இருந்தால் அது 2022 உயர்தரத்துக்கானது, அந்தப் பரீட்சை 2023இன் தொடக்கத்தில் நடந்திருந்தாலும்கூட. இதைக் குழப்பினால் ஐந்து வருடக் கணக்கும் ஒரு கட்டம் தள்ளிப்போகும். மற்றது “என்.கியூ.சி.” என்ற எழுத்துகள். அந்தப் பாடநெறிக்கு அந்த மாவட்டத்தில் தகுதியான விண்ணப்பதாரர் எவரும் எஞ்சவில்லை என்பதே அதன் பொருள். அதைப் பார்த்து “நம் மாவட்டத்துக்கு இந்தப் படிப்பு இல்லை” என்று விட்டவர்கள் உண்டு. உண்மையில் அங்கே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இடம் அது.

இசட் புள்ளியின் கூடவே பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலையும் வருகிறது. நம்மைப் போன்ற சிறு மாவட்டத்துக்கு அந்த எண் பொன். பௌதிக விஞ்ஞானப் பிரிவில் மாவட்ட நிலை 9 என்றால், உங்களுக்கு முன் எட்டுப் பேர்தான். அவர்களில் யார் திறமைப் பட்டியலில் போகக்கூடியவர், யார் இரசாயனவியல் எடுக்காததால் பொறியியலுக்குத் தகுதியில்லாதவர் என்பதைப் பாடசாலைகள் தமக்குள் ஒரு தொலைபேசி அழைப்பில் அறிந்துகொள்ளலாம். கொழும்பில் இப்படி ஒரு கணக்குச் சாத்தியமேயில்லை. இங்கே சாத்தியம். இந்த வசதியை நாம் இதுவரை பயன்படுத்தவில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

இனி இசட் புள்ளி. “இரண்டு பி, ஒரு சி எடுத்தவனுக்குக் கிடைத்தது, நானும் இரண்டு பி, ஒரு சிதான்” என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் புள்ளியிலிருந்து நாடு முழுவதும் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் வரும். மூன்று பாடத்தின் சராசரியே தாளில் நான்கு தசமதானத்தில் நிற்பது. விளங்குவதற்காக ஒரு கணக்கு: இணைந்த கணிதத்தில் 68 புள்ளி, இடை 42, நியம விலகல் 18 என்று வைத்துக்கொண்டால் 26ஐ 18ஆல் வகுக்க 1.4444. இப்படியே பௌதிகவியலில் 1.1000, இரசாயனவியலில் 0.6500 என்றால் கூட்டுத்தொகை 3.1944, சராசரி 1.0648.

இப்போது தரத்தைப் பாருங்கள். பி என்பது 65 முதல் 74 வரை, சி என்பது 55 முதல் 64 வரை. இரண்டு பிள்ளைகளும் இரண்டு பி, ஒரு சிதான். ஒருவர் மூன்று பாடத்திலும் அடி விளிம்பில், மற்றவர் மூன்றிலும் மேல் விளிம்பில். வித்தியாசம் 27 புள்ளி. நியம விலகல் 17 அளவில் இருந்தால் சராசரி இசட்டில் இது 0.53 வரை வரும். அரைப் புள்ளி வித்தியாசம் என்பது ஒருவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் மற்றவர் வீட்டிலும் இருக்கும் வித்தியாசம். எனவே தரத்தை வைத்து வாய்ப்பை மதிப்பிடும் பழக்கத்தைப் பாடசாலை அறிவித்தல் பலகையிலிருந்தே நீக்க வேண்டும். “மூன்று ஏ எத்தனை பேர்” என்று பதாகை அடிப்பதில் மகிழ்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. வழிகாட்டலுக்கு அது உதவாது.

இசட் ஒரு கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் அளவு. கூட்டத்தைக் கலந்தால் அளவே கெடும். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டத்தில் தோற்றியவர்களைச் சேர்த்துக் கணித்ததை 2012இல் உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது இதனால்தான். ஆகவே பல வருடப் புள்ளிகளை ஒப்பிடும்போது நான்காம் தசமதானம் வரை சண்டைபிடிக்க வேண்டாம். முதல் இரண்டு தசமதானம் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு இசட் புள்ளி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே நடந்துவிடுகிறது. சாதாரண தரம் முடிந்து பாடம் தெரிவுசெய்யும் நாளில், “கம்பியூட்டர் படிக்க விருப்பம்” என்று சொல்லும் பிள்ளைக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், மூன்றாவதாக இரசாயனவியலுக்குப் பதில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) என்று எழுதிக்கொடுக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் பொருத்தமாகவே தெரியும். ஆனால் பொறியியல் பீடங்களுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். மொறட்டுவையில் கணினி விஞ்ஞானமும் பொறியியலும் படிக்க விரும்பும் பிள்ளைக்கும், பேராதனையிலோ கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ கணினிப் பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் வாசல் ஒன்றுதான், அது பொறியியல் என்ற வாசல். இரசாயனவியலை விட்ட நாளிலேயே அது பூட்டப்படுகிறது. ஒரு வரி எழுதுகையில் ஒரு துறையே போய்விடுகிறது, அதுவும் அந்தத் துறையை விரும்பிய பிள்ளைக்கே.

ஐ.சி.ரி. எடுக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரசாயனவியலில் தேறமாட்டார் என்று தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல வழி. பொறியியல் அல்லாத கணினிப் பட்டங்கள் பல உண்டு, அவற்றுக்கான பாடச் சேர்க்கை விதிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் கணினி விஞ்ஞானமும் தகவல் முறைமைகளும், மொறட்டுவையில் தகவல் தொழில்நுட்பம், களனியிலும் சப்ரகமுவவிலும் மென்பொருள் பொறியியல், யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம், வவுனியாவில் தகவல் தொழில்நுட்பம், நம் வாசலிலேயே நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம். எந்தச் சேர்க்கை எதற்குத் தகுதி என்பது ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் பாடநெறி வாரியாக இருக்கிறது. தரம் 12 தொடங்குமுன் அந்தப் பக்கங்களைப் பிள்ளையும் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாக இருந்து வாசிக்க வேண்டும். தொழில்நுட்பப் பிரிவுக்கும் இதையே சொல்கிறோம். பொறியியல் தொழில்நுட்பவியல் என்ற பாடத்தின் பெயரைக் கேட்டு அது பொறியியல் பீடத்துக்குப் போகும் வழி என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்கென்று தனிப் பட்டங்கள் உண்டு, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டமும் அதில் அடங்கும். நல்ல வழிதான், ஆனால் வேறு வழி.

பொறியியலுக்குள் போனபின்னும் “கணினி” தானாகக் கிடைப்பதில்லை. பொதுவான ஆரம்பக் கட்டம் முடிந்ததும் அங்கே பெற்ற பெறுபேறும் விருப்பமும் பார்த்தே துறை பிரிக்கிறார்கள். மொறட்டுவையில் கணினித் துறைக்குப் போட்டி கடுமை. முதல் அரையாண்டில் ஆங்கில மூல விரிவுரை பிடிபடாமல் தடுமாறும் பிள்ளை அந்த இடத்தை அங்கே இழக்கிறது. எனவே வாய்ப்பை மதிப்பிடும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: பீடம் கிடைக்குமா, கிடைத்தால் துறை கிடைக்குமா. உயர்தரம் எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை சும்மா போகும் மாதங்களில் தொழில்நுட்ப ஆங்கிலம் படிப்பது இரண்டாவது கேள்விக்கான தயாரிப்பு.

விருப்பத் தெரிவு நிரப்புவதில் ஒரு மூடநம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. “கிடைக்காததை முதலில் போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்” என்பது அது. அப்படியல்ல. பிள்ளையின் இசட் புள்ளி எட்டும் விருப்பங்களில் மேலே இருப்பது கொடுக்கப்படுகிறது. எட்டாதது முதலில் இருந்தால் அதைத் தாண்டி அடுத்ததற்கு வருகிறார்கள், தண்டனை ஒன்றுமில்லை. உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பயத்தில் ஒரு “நிச்சயமானதை” மேலே போட்டு, உண்மையில் விரும்பியதைக் கீழே தள்ளினால், மேலே உள்ளதே கிடைக்கும், கீழே உள்ளதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனவே வரிசை விருப்பத்தின் வரிசையாகவே இருக்கட்டும். வெட்டுப்புள்ளித் தாள் உதவுவது பட்டியலை எவ்வளவு நீளமாகப் போட வேண்டும், கீழே எந்த இடங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க.

குறியீட்டையும் கவனிக்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் பாடநெறிக் குறியீட்டை யுனிகோட் என்பார்கள்; ஒரே பாடநெறி வேறு பல்கலைக்கழகத்தில் வேறு யுனிகோட். சில பொறியியல் துறைகளுக்குத் தனிக் குறியீடு உண்டு, அதில் போனால் கணினிக்கு மாறலாம் என்று எண்ணக்கூடாது. கடைக்காரர் கேட்கும் வேகத்தில் குறியீடு சொல்லாமல், வீட்டில் தாளில் எழுதி, ஆசிரியர் ஒருவர் பார்த்தபின் கடைக்குப் போகட்டும். மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்கள் சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைக்கின்றன. அதற்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவுத் திகதியும் தனி. ஆணைக்குழு விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு இதை மறந்தால் அந்த விருப்பம் வெறும் எழுத்து. உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி எடுக்காமல் மூன்று பாடத்திலும் நன்றாகச் செய்தும் பயனில்லை என்பதையும் தரம் 12இலேயே சொல்லிவையுங்கள்.

மறுபடி தோற்றுவதா என்ற கேள்விக்கும் கணக்கு உண்டு. அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம். விரும்பிய பாடநெறியின் ஐந்து வருட நடு எண்ணுக்குப் பிள்ளைக்கு 0.30 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாடத்துக்கும் சேர்த்து 0.90 வேண்டும். நியம விலகல் 17 அளவென்றால் மொத்தம் 15 புள்ளி. ஒரு பாடம் தெளிவாகப் பலவீனமாக இருந்தால், ஒரு வருடத்தில் அந்த 15ஐ அந்தப் பாடத்திலேயே எடுக்கலாம், தோற்றுவது அறிவு. 0.80 குறைந்தால் 40 புள்ளி வேண்டும். அதையும் சிலர் எடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்த எண்ணைப் பிள்ளையின் முன் வைத்துவிட்டே முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். அதே வருடத்தில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம், திறந்த பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல், மூன்று பாடமும் சித்தியடைந்தும் இடம் கிடைக்காதவர்களுக்கான வட்டியில்லா மாணவர் கடன் ஆகியவற்றையும் அதே மேசையில் காட்டுங்கள். இவற்றைத் தோல்வியின் பட்டியலாக அறிமுகம் செய்யாதீர்கள்.

எங்கள் வேண்டுகோள் பெரிய செலவு கேட்பதல்ல. முதலாவது, திருகோணமலை நிரலின் ஐந்து வருடத் தாள். கணினி, பொறியியல் சார்ந்த பாடநெறிகள் மட்டும் ஒரு பக்கத்தில் அடங்கும். மாகாணத் திணைக்களம் ஒருமுறை தமிழிலும் சிங்களத்திலும் செய்து எல்லா வலயங்களுக்கும் அனுப்பினால், வெருகலில் படிக்கும் பிள்ளைக்கும் உவர்மலையில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே தாள் கையில் இருக்கும். இரண்டாவது, பெறுபேறு வந்தபின் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் ஒவ்வொரு வலயத்திலும் இரண்டு நாள் வழிகாட்டல் மேசை. ஒரு மேசைக்கு இணைந்த கணித ஆசிரியர் ஒருவர், அனுமதிக் கையேட்டை முழுதாக வாசித்த ஒருவர், இணைய இணைப்புள்ள கணினி ஒன்று. ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் ஒரு நாளில் ஒரு மேசை இருபது பேரைப் பார்க்கும். மூதூர், கிண்ணியா வலயங்களில் அதை அங்கேயே வையுங்கள், நகரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். நகரத்துக்கு வர வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் இந்த மேசை முதலில் வேண்டும். மூன்றாவது, சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் உயர்தரப் பாடம் தெரிவுசெய்வதற்கு முன், பெற்றோருடன் ஒரு மாலை. அன்றைக்குச் சொல்ல வேண்டியதில் பாதி, இரசாயனவியலை விட்டால் எது மூடும், எது திறந்திருக்கும் என்பதே.

நான்காவதாக, பாடசாலைகள் தமக்குள் பகிர ஒரு எளிய பதிவேடு: பெறுபேறு வந்த வாரத்தில் மாவட்ட நிலை 1 முதல் 40 வரை, பெயர் இல்லாமல், பாடச் சேர்க்கையும் முதல் மூன்று விருப்பமும் மட்டும். பிள்ளையின் சம்மதத்தோடு அதிபர் ஊடாகவே இது போக வேண்டும். அந்த நாற்பது வரி கையில் இருந்தால், “தெரியாது” என்று சொல்ல வேண்டியிருந்த பல பிள்ளைகளுக்கு “உனக்கு முன்னால் மூன்று பேர், அதில் இருவர் பொறியியல் கேட்கவில்லை” என்று சொல்லலாம்.

ஐந்து வருடத் தாளின் முதல் வரைவைத் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தம். அடுத்த பெறுபேற்றுக்கு முன் அதைச் சரிபார்த்து வெளியிட ஒரு அலுவலரை நியமித்துத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்களுக்குக் கற்பிக்கும், விண்ணப்ப வழிகாட்டலில் ஈடுபடும் ஆசிரியர்கள்
திருகோணமலை